முதுமையும் கல்வியின் பயனும்

கல்வியின் பயன் தொழிலே எனின், தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர் எதற்காகக் கற்க வேண்டும்?

1973ஆம் ஆண்டு பிரான்சின் துலூஸ் நகரில், ஓய்வுபெற்றோர்க்கென 'மூன்றாம் வயதினர் பல்கலைக்கழகம்' தோன்றியது. அங்கு கற்பித்தோர் பல்கலைக்கழக ஆசிரியர்களே. 1981இல் வரலாற்றறிஞர் பீற்றர் லாஸ்லெற் முதலியோர் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் வகுத்த நெறி வேறானது. அதன்படி கற்போரே கற்பிப்போருமாவர். நுழைவுத் தகைமை இல்லை, பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை.

இளைஞர் பலர்க்கே பல்கலைக்கழகத்தில் இடமில்லாதபோது இது நீதியாகுமா என்பர் சிலர். பொதுப்பணமும் ஆசனமும் பங்கிடப்படுமிடத்து இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், தமக்குள் தாமே கற்பித்துக்கொள்ளும் முதியோர் எவரது ஆசனத்தையும் கவர்வதில்லை.

எனினும், அவ்வாதத்தின் அடியில் வேறொரு கருத்து மறைந்துள்ளது. "இனி இவரால் என்ன பயன்?" எனக் கேட்போர், மனிதனை அவன் ஈட்டித்தரும் பொருளால் மட்டுமே அளக்கின்றனர். அவ்வளவுகோல் முதியவரோடு நின்றுவிடாது. வேலை கிடைக்காத பட்டதாரியையும் நாளை அதுவே அளக்கும். அவன் கற்றதனைத்தும் வீணென்றே முடிவு கூறும்.

பட்டம் எதனையும் எதிர்பாராது எழுபது வயதில் வானியல் கற்பவர், அறிதலும் வாழ்தலின் ஒரு கூறே என்பதை வாழ்ந்து காட்டுகின்றார். அவ்வுரிமையை அவருக்கு மறுக்கும் மாணவன், தன் கல்விக்கும் ஊதியத்தைத் தவிர வேறு நியாயம் கூற இயலாதவனாகின்றான்.