விதையாத நிலத்துக்குக் கூலி

உழையாதவனுக்கு உதவிப்பணம் கொடுத்தால் அவன் சோம்பேறியாகிவிடுவான் என்பது செல்வர்கள் வறியவர்களுக்கு ஓயாது புகட்டும் ஒழுக்கபோதனை. அப்போதனை நிலவுடைமையாளருக்கும் பொருந்துமா என்று கேட்போர் குறைவு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள சன்பிளவர் என்னும் பருத்தி மாவட்டத்தின் வரலாறு இக்கேள்வியை எழுப்புகின்றது.

1933ஆம் ஆண்டில், பருத்தி விலை அடியோடு வீழ்ந்திருந்த வேளையில், ரூஸ்வெல்ற் அரசாங்கம் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றியது. பயிர்ப்பரப்பைக் குறைத்தால் விலை உயரும். குறைப்பவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். அவ்வாண்டிலே ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர்ப் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. விவசாயியைக் காப்பதே நோக்கம். ஆயினும் காசோலைகள் பெரும்பாலும் நிலவுடைமையாளரின் கைக்கே சென்றன. வாரக்குடிகளுக்குச் சேரவேண்டிய பங்கைப் பலர் கொடுக்கவில்லை. பயிர்ப்பரப்பு சுருங்கவே குடிகளும் வேண்டாதவராயினர், குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1934இல், அயல் மாநிலமான ஆர்க்கன்சாவில், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றுகூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை அமைத்ததற்கு இவ்வநீதி முக்கிய காரணமாகும்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அடிப்படை மாறவில்லை. சன்பிளவர் மாவட்டத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமுடைய செனற்றர் ஜேம்ஸ் ஈஸ்ற்லாண்டின் பண்ணை, 1967இல் ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல் அரசாங்கப் பணம் பெற்றது. அதே மாவட்டத்தில் ஆறு வயதிலேயே பருத்தி பறிக்கத் தொடங்கியவர் ஃபானி லூ ஹேமர் என்னும் கறுப்பினப் பெண். வாக்காளராகப் பதிய முயன்றதற்காக, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து 1962இல் அவர் துரத்தப்பட்டார். அக்காலத்தில் ஏழைகளுக்கென வந்த உணவு முத்திரையைக்கூடக் காசு கொடுத்தே வாங்கவேண்டியிருந்தது. பண்ணைக்குப் பணம் வந்தது. பண்ணையிற் பாடுபட்டவனுக்கோ உணவு முத்திரை வாங்கவும் காசில்லை.

விலை வீழ்ந்தால் நட்டப்படுபவர் நிலவுடைமையாளரே, ஆகவே ஈடும் அவருக்கே உரியது என்று வாதிடுவோர் உளர். நட்டம் அவருக்கும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், அவருக்கு நட்டம் வந்தால் வரவு குறையும். கூலிக்காரனுக்கு வேலை போனால் அடுப்பே எரியாது. இவ்விரண்டில் முன்னதை மாத்திரம் நட்டமென்று கணக்கெழுதும் அரசு, உழைப்பை விவசாயத்தின் பகுதியாகவே கருதவில்லை என்பது தெளிவு.

பேராசையை மாத்திரம் பழித்துப் பயனில்லை. ஒவ்வொரு பயிருக்கும் ஒருவர் பெறக்கூடிய தொகை 55,000 டொலரைத் தாண்டக்கூடாதென 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பிட்டது. பெரும்பண்ணையார் பலர் தம் நிலத்தைக் குடும்பத்தவர் பெயர்களிற் பிரித்தெழுதி அவ்வரம்பைக் கடந்தனர். இன்றும் அந்நாட்டின் பயிர்க் கொடுப்பனவுகள் பெரும்பாலும் நிலப்பரப்பையும் விளைச்சலையும் கொண்டே கணிக்கப்படுகின்றன. அளவுகோல் ஏக்கராக இருக்கும்வரை, அதிக ஏக்கர் உடையவனே அதிகம் பெறுவான்.

ஹேமர் 1969இல் நாற்பது ஏக்கர் நிலத்தில் ஒரு கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். அங்கே விளைந்த காய்கறிகள் வறிய குடும்பங்களின் உணவாயின. விவசாயிக்கு அரசு உதவவேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே நமது விடை. ஆனால் விவசாயி யார்? பத்திரத்திற் பெயருள்ளவனா, வயலிற் பாடுபடுபவனா? இக்கேள்விக்கு நேர்மையாக விடையளிக்காத எந்த மானியமும் பொதுப்பணத்தைக் கொண்டு பழைய ஏற்றத்தாழ்வையே உரமிட்டு வளர்க்கும்.