நடந்தே போனேன் என்று சொன்னது

1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில், 50 கிலோமீட்டர் நடையில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் ஜி. சரவணன். நான்கு மணி நேரத்துக்கும் மேலான நடை. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடலுக்கு நேர்க்கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. மீறினால் நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிவிடுவார்கள்.

'சீக்கிரம் போகணும்னா ஓடிட வேண்டியதுதானே?' என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். தேவையில்லாத தடைகளை நாமே விரும்பி ஏற்றுத் தாண்டுவதுதான் விளையாட்டு என்கிறார் தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ். தடையை எடுத்துவிட்டால் தாண்டியதற்கும் பொருளில்லை.

நேர்த்திக்கடனும் அப்படித்தான். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு தைப்பூசத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பத்துமலைவரை நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டேன். செந்தூல் வந்தபோது கால் விட்டுப்போனது. கொமுட்டர் ஏறிவிட்டேன். 272 படிகளையும் ஏறினேன், கும்பிட்டேன். வீட்டில் அம்மா கேட்டார்: "நடந்தேவா போன?" "ஆமாம்மா."

யாருக்கு என்ன நஷ்டம்? பல நாள் இப்படித்தான் எனக்கு நானே வாதாடினேன். நடைப்போட்டியில்கூட வெறும் கண்ணுக்குத் தெரிகிற தப்புதான் தப்பு. மெதுவாக ஓடவிட்ட காணொளியில் இரண்டு காலும் ஒரு நொடித் துணுக்கு அந்தரத்தில் நிற்பது தெரியும். ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்த, விதியே அனுமதிக்கிற சலுகை. நான் எடுத்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்த சலுகை.

2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில், பனித்தளத்தில் சறுக்கி ஓடும் 10,000 மீட்டர் பந்தயத்தை நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர்தான் எல்லாரையும்விட வேகமாக முடித்தார். பயிற்சியாளர் தவறாக வழிகாட்டியதால் தடம் மாறியிருந்தார், தகுதி நீக்கம். தங்கம் தென்கொரியாவின் லீ சுங்-ஹூனுக்குப் போனது. கிராமர் பொய் சொல்லவில்லை, தோற்றார். நான் பொய் சொன்னேன், அம்மாவின் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

ரயில் ஏறியது பெரிய குற்றம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. முடியாதவன் நிறுத்திக்கொள்ளலாம். "கால் வலிச்சுது, ரயில் ஏறிட்டேன்மா" என்று சொல்லியிருந்தால் செந்தூல்வரை நடந்த நடையாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.