பதவிக்கு எல்லை எது?

ஒருவருடைய கையில் அதிகாரம் எவ்வளவு காலம் இருக்கலாம்? அதை அவரிடம் கொடுப்பவர் யார்? திரும்ப வாங்குபவர் யார்? இக் கேள்விகள் அரசியலுக்கு மட்டும் உரியவை அல்ல. இறைவனின் பெயரால் மக்களை வழிநடத்தும் எந்தச் சபையும் இவற்றுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில், சமயப் பதவியில் அமர்ந்த ஒருவர் தம் விருப்பத்தையே இறை சித்தம் என்று எண்ணிக்கொள்வது மிக எளிது; அதை மறுத்துச் சொல்வது மற்றவர்களுக்கு மிகக் கடினம்.

இக் கேள்விகளுக்கு ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தோன்றும் இரு விடைகளைத் தம் நடைமுறையிலே வைத்திருப்பவர்கள் மோர்மன்கள் என்று உலகம் அழைக்கும் மக்கள். 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை அது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் நகரமே அதன் தலைமையிடம். கோட்பாட்டில் நமக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தைச் செல்லுபடியானதாக ஏற்க முடியாதென 2001ஆம் ஆண்டில் வத்திக்கான் அறிவித்தது. ஆயினும் அயல்வீட்டார் தம் வீட்டை எவ்வாறு நிருவகிக்கிறார்கள் என்று பார்ப்பதால் நமக்கு நட்டம் எதுவுமில்லை. சிந்திப்பதற்கு நிறையவே கிடைக்கும்.

ஐந்து வருட பிஷப்

முதலில் அடிமட்டத்தைப் பார்ப்போம். மோர்மன் சபையில் சில நூறு பேர் கொண்ட ஒரு பங்குக்கு ‘வார்ட்’ என்று பெயர். அதன் பொறுப்பாளரை ‘பிஷப்’ என்பார்கள். சொல் ஒன்றாயினும் நமது ஆயரோடு அவரை ஒப்பிட முடியாது. அவர் குருமடத்தில் பயின்றவர் அல்லர். மனைவி மக்களோடு வாழ்பவர். பல் வைத்தியராகவோ, ஆசிரியராகவோ, கமக்காரராகவோ தம் பிழைப்பை நடத்துபவர். சபைப் பணிக்குச் சம்பளம் எடுப்பதில்லை. தசமபாகத்தைப் பெற்று ஒப்படைப்பது, வறியோருக்கு உதவுவது, தவறு செய்தோரின் அறிக்கையைக் கேட்டு அறிவுரை சொல்வது எல்லாம் அவர் கடமை.

இப் பதவிக்கு எவரும் விண்ணப்பிப்பதில்லை. வாக்குக் கேட்பதும் இல்லை. பல வார்ட்டுகள் சேர்ந்த தொகுதி ‘ஸ்டேக்’ எனப்படும். அதன் தலைவர் செபித்து, விசாரித்து, ஒரு பெயரை மேலிடத்துக்கு அனுப்புவார். அனுமதி கிடைத்ததும் உரியவரை அழைத்துப் பேசுவார். பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையின் முன் அப் பெயர் வாசிக்கப்படும். ஆதரிப்போர் வலக்கையை உயர்த்துவார்கள். எதிர்ப்போரும் கை உயர்த்தலாம் என்று கேட்கப்படும். இது தேர்தல் அல்ல, சம்மதம். பெயரை முன்மொழியும் உரிமை மக்களுக்கு இல்லை. முன்வைத்த பெயருக்கு இசைவு தெரிவிக்கும் உரிமையே உண்டு.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செல்ல, அதே சபையில் அவர் விடுவிக்கப்படுவார். நன்றி தெரிவிக்க எல்லோரும் கை உயர்த்துவார்கள். அடுத்த ஞாயிறு அவர் பின்வரிசையில் மனைவி பிள்ளைகளோடு அமர்ந்திருப்பார். சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும்படி அவரைக் கேட்டாலும் வியப்பில்லை. நேற்று அவரிடம் ஆலோசனை கேட்டவரே இன்று அவருக்குப் பொறுப்பாளராக இருக்கலாம். ஸ்டேக் தலைவருக்கும் இதே முறைதான். அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருப்பார்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. பயிற்சி இல்லாத ஒருவர் பிறருடைய மனக்காயங்களைத் தொட்டுப் பார்த்தே பணியைக் கற்கிறார். கற்று முடியும் வேளையில் காலமும் முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து ஆண்டுகளின் சுமையை அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே சுமக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெரிய நன்மை உண்டு. பதவி என்பது ஒருவருடைய மேனியோடு ஒட்டிய தோல் அல்ல, கழற்றி வைக்கும் மேலாடை என்பதை அந்தச் சபையின் சிறுவர்களும் கண்ணாரக் கண்டு வளர்கிறார்கள்.

வரிசையில் நிற்கும் பன்னிருவர்

உச்சிக்குப் போனால் காட்சி முற்றிலும் மாறுகிறது. அங்கே தலைவரும் பன்னிரு அப்போஸ்தலர் என அழைக்கப்படுவோரும் சாகும்வரை பதவியில் இருப்பார்கள். தலைவர் இறந்தால், அவரோடிருந்த ஆலோசகர் குழு அந்த நிமிடமே கலைந்துவிடும். அப்போஸ்தலர் குழுவில் சேர்ந்த நாளைக்கொண்டு மூத்தவர் எவரோ, அவரே அடுத்த தலைவர். வயதில் மூத்தவர் அல்லர், குழுவில் சேர்ந்ததில் மூத்தவர்.

இந்த வழக்கம் துன்பத்தில் பிறந்தது. 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் இலினோய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறைச்சாலையில் கும்பல் ஒன்று ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் யார் என்பதற்கு ஐயமற்ற விதி இருக்கவில்லை. சிட்னி ரிக்டன் என்ற ஆலோசகர் தமக்கே பொறுப்பு என்றார். பிரிகம் யங் அது பன்னிருவர் குழுவுக்கு உரியது என்றார். பெரும்பாலோர் யங்கின் பக்கம் நின்றனர். வேறு சிலர் வேறு தலைவர்களின் பின்னே சென்றனர். ஸ்மித்தின் மகன் 1860இல் மற்றொரு சபைக்குத் தலைவரானார். அந்தப் பிளவு இன்றுவரை ஆறவில்லை.

அதன் பின்னரும் தயக்கம் நீடித்தது. 1877இல் யங் இறந்தபின் அடுத்த தலைவர் அமர மூன்று ஆண்டுகள் சென்றன. 1898இல் வில்போர்ட் வுட்ரப் இறந்தபோதோ, தாமதம் வேண்டாம் என்று அவரே சொல்லிச் சென்றிருந்தார். பதினொரு நாட்களில் லொரென்சோ ஸ்னோ தலைவரானார். 1900இல் இன்னொரு நுணுக்கமும் தீர்க்கப்பட்டது. பிரிகம் யங்கின் மகன் முன்னதாகத் தனிமையில் அப்போஸ்தலராக அபிஷேகம் பெற்றிருந்தார், ஜோசப் எப். ஸ்மித் அவருக்குமுன் பன்னிருவர் குழுவில் இடம்பெற்றிருந்தார். குழுவில் இடம்பெற்ற நாளே கணக்கு என்று முடிவாயிற்று. மறுவருடம் தலைமை ஸ்மித்துக்கே போயிற்று. பெரும் தலைவர் ஒருவரின் மகன் என்ற உரிமை அங்கே எடுபடவில்லை.

இம் முறையின் சிறப்பு தெளிவானது. கட்சி சேர்க்க இடமில்லை. தமக்குப் பிடித்தவரை வாரிசாக்கத் தலைவராலும் முடியாது. புதிய அப்போஸ்தலரைத் தேர்பவர் அவரே. எனினும் அப்படித் தேர்ந்தவர் தலைவராவாரா என்பது முன்வரிசையில் நிற்பவர்களின் ஆயுளைப் பொறுத்தது. 1984இல் இதய சத்திரசிகிச்சை வைத்தியரான ரசல் நெல்சனும், நீதியரசரான டாலின் ஓக்ஸும் தெரிவாயினர். ஓக்ஸ் மூன்று வாரம் பிந்தி அபிஷேகம் பெற்றார். அந்த மூன்று வார வித்தியாசமே வரிசையைத் தீர்மானித்தது. நெல்சன் 2018இல் தலைவராகி, 2025 செப்டெம்பரில் 101ஆவது வயதில் காலமானார். அதன் பின்பே ஓக்ஸின் முறை வந்தது. இருவரும் தலைமையேற்றபோது வயது 93. 1970இல் தலைவரான ஜோசப் பீல்டிங் ஸ்மித்துக்கும் அப்போது வயது 93தான்.

முதுமையின் விலை

இங்கேதான் நமது கேள்வி கூர்மையடைகிறது. உள்ளம் தெளிவாக இருந்தும் உடல் தளர்ந்தால் என்ன? உள்ளமே தளர்ந்தால் என்ன? 1980களில் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் நோயுற்றிருந்தபோது, ஆலோசகர்களும் முதுமையால் தளர்ந்திருக்க, புதிதாகச் சேர்க்கப்பட்ட மற்றோர் ஆலோசகரே பெருமளவு பாரத்தைச் சுமந்தார். அவருக்குப் பின்வந்த எஸ்ரா பென்சனும் 1994இல் இறப்பதற்கு முந்திய ஆண்டுகளில் மக்கள் முன் பேச இயலாதவராயிருந்தார். அப்போது தலைவரின் பெயரால் நடப்பது தலைவரின் விருப்பந்தானா என்று விசுவாசிகள் கேட்டால், அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா?

மறுபக்கத்தையும் நீதியோடு சொல்லவேண்டும். கிம்பல் 1972இல் கடுமையான இதய சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். அதைச் செய்தவர், பிற்காலத்தில் தாமும் தலைவரான அதே வைத்தியர் நெல்சன். கிம்பலைவிட நான்கு வயது இளையவரான ஹெரல்ட் லீ அவ்வருடம் தலைவரானார். நீண்டகாலம் இருப்பார் என்று எல்லோரும் எண்ணினர். 1973 டிசெம்பரில் அவர் திடீரென இறந்தார். பிழைப்பாரோ என்று அஞ்சப்பட்ட கிம்பல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைவராயிருந்தார். ஆபிரிக்க வழிவந்த ஆண்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மறுக்கப்பட்டிருந்த குருத்துவத்தை 1978இல் எல்லோருக்கும் திறந்துவிட்டவர் அவரே. முதியவர் புதியதைச் செய்யமாட்டார் என்பது பொய் என்று இது காட்டுகிறது. ஆயினும் ஓர் அநீதி நீங்குவதற்கு ஆயுட்காலத் தலைவர்கள் எத்தனை பேர் வந்துபோக வேண்டியிருந்தது என்ற கேள்வியும் இதே நிகழ்ச்சிக்குள்ளே இருக்கிறது.

அந்தச் சபை முதுமையை அறியாததல்ல. அப்போஸ்தலருக்கு அடுத்த நிலையிலுள்ள எழுபதின்மர் எழுபது வயதளவில் இளைப்பாறும் நிலைக்கு வருகிறார்கள். அந்த ஏற்பாடு 1978இல் தொடங்கியது. ஸ்தாபகரின் குடும்பத்தில் வழிவழியாக வந்த தலைமை மூதாதை என்ற பதவியும் 1979இல் அவ்வாறே ஓய்வு கண்டது. ஆகவே, உச்சியிலே மட்டும் சாவு வரை என்பது மாற்ற முடியாத இயற்கை நியதி அல்ல. விரும்பி ஏற்ற ஒரு நம்பிக்கை. எவரை எப்போது அழைக்கவேண்டும் என்பது இறைவனுக்குத் தெரியும், மனிதர் அதில் கைவைக்க வேண்டாம் என்பதே அந்த நம்பிக்கை.

பேராசைக்கு இரண்டு வாசல்கள்

பதவி ஆசை இரண்டு வாசல்களால் நுழைகிறது. ஒன்று, பதவியை அடையும் வாசல். மற்றது, அதைவிட்டுப் போக மறுக்கும் வாசல். மோர்மன் சபை அடிமட்டத்தில் இரண்டையும் அடைத்திருக்கிறது. உச்சியிலோ முதல் வாசலை நன்றாக அடைத்து, இரண்டாவதின் திறவுகோலை மரணத்திடம் ஒப்படைத்திருக்கிறது. வரிசைமுறை பேராசைக்கு நல்ல மருந்து. பலவீனத்துக்கு அது மருந்தல்ல. தலைவர் தளர்ந்த வேளையில் எல்லாம் அவரைச் சூழ்ந்திருப்போரின் நேர்மையில் தங்கியிருக்கிறது. அந்த நேர்மையின் முதல் கடமை மக்களுக்கு உண்மையைச் சொல்வது.

நமது திருச்சபை இதற்கு வேறு வழிகளைத் தேடியது. ஆயர்கள் 75ஆவது வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்கிறார்கள். எண்பது வயதைக் கடந்த கர்தினால்மார் பாப்பரசரைத் தெரிவுசெய்யும் உரிமையை 1970ஆம் ஆண்டு ஆறாம் சின்னப்பர் நிறுத்தினார். 2013 பெப்ரவரியில் பதினாறாம் ஆசீர்வாதப்பர் தம் பலம் குறைந்ததை இறைவன் முன்னிலையில் ஆராய்ந்து, தாமாகவே விலகினார். அதற்கு முந்தியவரான இரண்டாம் அருள் சின்னப்பரோ நோயின் இறுதிவரை சிலுவையைச் சுமந்தார். இருவரில் ஒருவரையும் நாம் குறைகூறுவதில்லை. இறைவன் மரணத்தின் வழியாக மட்டுமன்றி மனச்சாட்சியின் வழியாகவும் ஊழியரை விடுவிக்கலாம் என்றே இதிலிருந்து அறிகிறோம்.

ஆகவே கேள்வி ஆண்டுக் கணக்கைப் பற்றியது மட்டுமல்ல. விதி ஒருவரைக் கதிரையிலிருந்து எழுப்பலாம். கதிரை மீதுள்ள பற்றை நெஞ்சிலிருந்து எழுப்ப அதனால் முடியாது. ஐந்து ஆண்டில் இறங்கியும் பின்வரிசையில் இருந்துகொண்டு புதியவருக்கு இடைஞ்சல் செய்பவர் இறங்கவே இல்லை. சாகும்வரை இருந்தும் ஒவ்வொரு நாளும் அதை இரவலாகவே வைத்திருப்பவர் ஏற்கனவே இறங்கிவிட்டவர். தம் சீடர் வேறொருவரைப் பின்பற்றிச் சென்றபோது மகிழ்ந்த ஸ்நாபக அருளப்பரின் மனம் அத்தகையது.

நமது பங்குச் சபையிலோ, சங்கத்திலோ, பாடகர் குழுவிலோ பொறுப்பேற்றிருக்கும் ஒவ்வொருவரும் தம்மிடம் கேட்டுப்பார்க்கலாம்: நாளை என் இடத்தில் இன்னொருவர் அமர்ந்தால், அவருக்கு முதலில் உதவிசெய்யப் போகிறவன் நானா? ஆம் என்று உண்மையாகச் சொல்ல முடிந்தவரிடம் பதவி எவ்வளவு காலம் இருந்தாலும் மக்கள் அஞ்சத் தேவையில்லை.