கையில் இருக்கும் கண் யாருடையது?

வேலைநேரத்தில் தொழிலாளி செல்போன் வைத்திருக்கலாமா கூடாதா? கேட்பதற்குச் சின்ன நிர்வாகப் பிரச்சினை மாதிரிதான் தெரிகிறது. மேனேஜர் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார், சூப்பர்வைசர் ரெண்டு பேரைத் திட்டுவார், அதோடு முடிந்தது. நான் இதை அறம் சம்பந்தப்பட்ட கேள்வியாகப் பார்க்கிறேன். கூலிக்கு வருகிறவர் எதை விற்கிறார், எதை விற்கவில்லை என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. சாதியும் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்வோம். ஓடுகிற மிஷின் பக்கத்தில் போன் ஆகாது. ஒரு நொடி கவனம் தப்பினால் விரல் போய்விடும். பஸ் ஓட்டுகிறவருக்கும் கிரேன் இயக்குகிறவருக்கும் இதே கதைதான். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் சொந்தக் காரியத்துக்குக் கைப்பேசி பயன்படுத்தக் கூடாது, அதற்கு விதிமுறை கொண்டுவாருங்கள் என்று அரசுக்குச் சொன்னது. அதிலும் நியாயம் உண்டு. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்றாவது நாளாக நிற்கிற நம்ம சனத்துக்கு, உள்ளே சீட்டில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிறவரைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆக, ஆபத்து இருக்கிற இடத்திலும் அடுத்தவர் காத்திருக்கிற இடத்திலும் போன் வேண்டாம். இந்த விதி முதலாளிக்கும் பொருந்தும், கூட்டுகிறவருக்கும் பொருந்தும். இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் நடைமுறையில் இருக்கிற விதி இதுதானா? திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளைப் பாருங்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் வைத்து, மூன்று வருசம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, கிராமத்துப் பெண்பிள்ளைகளை விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். அதில் சேரிப் பிள்ளைகள் ஏராளம். பேர் மாறினாலும் 'கேம்ப் கூலி' முறை போய்விடவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து போய்த் திரும்பி வந்த பிள்ளைகளிடம் நான் பேசியிருக்கிறேன். ஒரு பெண் சொன்னது:

"போனக் கேட்லயே வாங்கி வச்சுக்குவாங்கண்ணே. ஞாயித்துக்கெழம வார்டன் போன்லதான் பேசணும். அவங்க பக்கத்துலயே நிப்பாங்க. 'நல்லாருக்கேம்மா'ன்னு மட்டுந்தான் சொல்ல முடியும்."

ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, படுக்கப் போகிற அறையில் எந்த மிஷின் ஓடுகிறது? அங்கே யாருடைய விரல் போகும்? பாதுகாப்பு என்ற காரணம் மில் வாசலோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்பாலும் தடை நீள்கிறது என்றால் அதன் காரணம் வேறு. அந்தப் பெண் 'நல்லாருக்கேம்மா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

மில்லை விடுங்கள். நகரத்து அபார்ட்மெண்ட்டுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிற நம் பெண்களைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது? "காதுல போன வச்சிக்கிட்டேதான் வேல செய்யுறா. இவளுக்கெல்லாம் போனு!" பாத்திரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. நேரத்துக்கு வேலையும் முடிந்துவிட்டது. பிறகு எதற்கு எரிச்சல்? அந்த 'இவளுக்கெல்லாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது நேற்று முளைத்த சொல் கிடையாது.

1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. அடுத்த வருசம் அது பதினோரு தடைகளாக நீண்டது. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. ஹட்டன் எழுதிய சாதி பற்றிய புத்தகத்தில் இது பதிவாகியிருக்கிறது. மழைக்குக் குடை பிடித்தால் யாருடைய வயல் விளைச்சல் குறைந்தது? குடையால் யாருக்கும் நட்டமில்லை. குடை பிடித்த கை நிமிர்ந்திருந்ததுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது. 'இவளுக்கெல்லாம் போனு' என்பது அந்தப் பட்டியலின் வரிசையில் வருகிற இன்னொரு தடை.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். செல்போன் வைத்திருந்தால் குற்றம் என்கிற அதே நாட்டில், செல்போன் இல்லாவிட்டால் கூலி இல்லை என்றும் ஒரு விதி வந்தது. நூறுநாள் வேலையில் தொழிலாளர்களை இரண்டு வேளை படம்பிடித்து, இடமும் நேரமும் பதிந்து ஏற்றவேண்டும் என்று 2021இல் ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் அனேகமாக எல்லாப் பணித்தளத்துக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். டவர் கிடைக்காத காட்டில், பணித்தளப் பொறுப்பாளரான பெண் தன் சொந்த போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையவேண்டும். படம் ஏறாவிட்டால் வெயிலில் வெட்டிய மண்ணுக்குக் கணக்கில்லை. 2025 டிசம்பரில் அந்த வேலைச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் போட்டார்கள். கைப்பேசிக் கண்காணிப்பு மட்டும் புதுச் சட்டத்துக்குள்ளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. தெருக்கூட்டுகிறவர்களின் நிலைமையும் இதுதான். 2020இல் சண்டிகரில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் இடம்காட்டும் கடிகாரத்தைக் கட்டினார்கள். நாங்கள் என்ன கைதிகளா என்று அவர்கள் போராட வேண்டியதாயிற்று. ஊரின் சாக்கடையை உத்தரவு போட்டு அடைக்கவிடுகிற அதிகாரியின் கையில் அந்தக் கடிகாரம் இல்லை.

மில்லில் பிடுங்குவதும் மண்வெட்டுகிற இடத்தில் திணிப்பதும் பார்ப்பதற்கு எதிரெதிர் மாதிரி இருக்கும். அடியில் ஓடுவது ஒரே நியாயம். உழைக்கும் சாதியைப் பார்க்கலாம், அது திருப்பிப் பார்க்கக் கூடாது. அதன் பேச்சை ஒட்டுக்கேட்கலாம், அது வெளியே பேசக் கூடாது.

கூலிக்காரர் எதை விற்கிறார்? உழைப்பை, அதுவும் இத்தனை மணி நேரம் என்ற அளவோடு விற்கிறார். அந்த அளவு சும்மா வந்துவிடவில்லை. வைசிராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைப் பார்த்துவந்த காலத்தில்தான், 1946இன் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தின் வழியாக வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. மணிக்கு வரம்பு வைத்தால் மிச்ச நேரத்துக்கு அந்த ஆள் யாருக்கும் அடிமையில்லை என்று பொருள். பண்ணையடிமைக்கு இந்த மிச்ச நேரம் கிடையாது. அவன் இரவும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் பண்ணையாருடையது. விடுதி அறைக்குள் போனைப் பிடுங்குகிற முதலாளி கூலி கொடுப்பது தொழிலாளிக்கு, நடத்துவது பண்ணையடிமையாக. என் எட்டு மணி நேரத்தை விற்றேன். என் தாய் அழைத்தால் கேட்கிற காதையும், என் கண்முன் நடப்பதைச் சாட்சி சொல்கிற வாயையும் நான் விற்கவில்லை.

சாட்சி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி கேட்ட சனங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். காரும் வசதியும் உள்ள மிராசுதார்கள் நேரில் நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நம் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். இன்று மலக்குழிக்குள் ஆளை இறக்குகிற காண்ட்ராக்டர், 'நான் இறக்கவே இல்லை' என்று சொல்வதற்கு முன் யாராவது படம் எடுத்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறான். அந்தப் பயம் நமக்குப் புதிதாகக் கிடைத்த சொத்து.

போன் ஒன்றே விடுதலை கொடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ரீல்ஸ் பார்த்து நேரத்தைத் தொலைக்கிற நம் இளைஞர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். படம் எடுத்தவருக்குப் பின்னால் சங்கம் நிற்காவிட்டால் படம் எடுத்தவருக்குத்தான் வேலை போகும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையிலான சங்கம் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. தொல்லைகளைக் கவனித்துப் புகார் சொல்ல, வேலைத்தளத்துக்குள்ளேயே தொழிலாளர்களிலிருந்து ஆட்களை நியமிக்க அதில் வழி செய்தார்கள். மேலேயிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்த கண்ணை அந்தப் பெண்கள் கொஞ்சம் திருப்பிவைத்தார்கள்.

எனவே தோழர்கள் அடுத்தமுறை நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது 'போன் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். மிஷினிடம் போன் வேண்டாம், சரி. அதை வைக்கிற பெட்டியின் சாவி தொழிலாளியிடம் இருக்கட்டும். வீட்டில் சாவென்றால் அந்த நிமிசமே சேதி சொல்ல ஒரு ஏற்பாடு இருக்கட்டும். விடுதிக்குள் தடை என்ற பேச்சே கூடாது. செயலி கட்டாயம் என்றால் அந்த போனையும் டேட்டாவையும் அவர்களே கொடுக்கட்டும். எடுத்த படத்தைத் தொழிலாளியும் பார்க்கட்டும். இதற்கெல்லாம் சம்மதிக்காமல், "உங்க ஆளுகளுக்கு எதுக்குங்க போனு?" என்று கேட்டால், குடை எதற்கு என்று கேட்டவர்களின் பேரன்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.