வைப்பர் மோட்டாரின் விருப்பம்

சிறு படகின் பின்பலகையில் மாட்டும் மின் மோட்டாரைத் தானாகத் திரும்ப வைக்கப் பெரிய செலவில்லை. பழைய காரில் கழற்றிய 12 வோல்ட் வைப்பர் மோட்டார், கோணம் அளக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், மின்னணுத் திசைகாட்டி, இவற்றைக் கட்டி மேய்க்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை. வைப்பர் மோட்டாருக்குள் வார்ம் கியர் இருப்பதால் அலை தள்ளினாலும் படகு மோட்டாரின் கைப்பிடி எளிதில் நகராது. "கிழக்கே போ" என்று சொல்லிவிட்டால், படகின் முகம் விலகும்போதெல்லாம் பொறியே திருத்திக்கொள்ளும்.

அப்படியானால் கிழக்கே போக விரும்புவது யார்?

குறும்புக் கேள்விதான், ஆனால் பழையது. உடலில் உயிர் இருப்பது கப்பலில் மாலுமி இருப்பதைப் போன்றதா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். தெளிவில்லை என்று சொல்லி நகர்ந்துவிட்டார். டெக்கார்ட் 1641இல் இல்லை என்றே சொன்னார். கப்பலில் ஏதாவது உடைந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்து அறிகிறான். நமக்குக் காயம் பட்டால் வலிக்கிறது.

பிறகு அந்த மாலுமியையே பொறியாக்கினார்கள். நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் தானியங்கிச் சுக்கானின் கணிதத்தை வெளியிட்டார். நியூ மெக்சிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் அது சோதிக்கவும்பட்டது. தேர்ந்த சுக்கான்காரர் கப்பல் எவ்வளவு விலகியது என்பதோடு, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் கவனிப்பார். முகம் நேராவதற்கு முன்பே சுக்கானை எதிர்ப்பக்கம் கொடுத்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் கடலில் பழகி வரும் அந்தக் கைப்பக்குவம் ஒரு சமன்பாட்டுக்குள் அடங்கியது. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இந்த வேகக் கணக்கை விட்டுவிட்டு, படகு பாம்பாய் நெளிவதைப் பார்த்து விழிப்பதுண்டு.)

ரோசன்புளூத், வீனர், பிகிலோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1943இல் இன்னும் துணிந்தார்கள். இலக்கிலிருந்து விலகுவதை அளந்து திருத்திக்கொள்ளும் நடத்தையே நோக்கமுள்ள நடத்தை என்றார்கள். மெய்யியலாளர் ரிச்சர்ட் டெய்லர் 1950இல் அதை மறுத்தெழுதினார்.

இந்த வழக்கைப் படகிலேயே விசாரிக்கலாம். குறுக்குக் காற்று வீசும்போது, திசைகாட்டியை மட்டும் நம்பும் படகு முகத்தைக் கிழக்கே வைத்தபடியே பக்கவாட்டில் பாறையை நோக்கி ஒதுங்கும். ஆர்டுயினோவின் கணக்கில் பிழை பூஜ்யம்! ஜிபிஎஸ் சேர்த்தால் இந்தக் குறை தீரும். வழியில் யாராவது வலை விரித்திருந்தால்? அதற்கும் ஓர் உணரியைப் பொருத்தலாம். ஆனால் 'இதுவும் பிழைதான்' என்று ஒவ்வொரு முறையும் கண்டுகொள்பவர், பாறையில் மோதினால் இழப்பதற்கு ஏதாவது உள்ள ஒருவர். ஆர்டுயினோவுக்கு அப்படி எதுவும் இல்லை. டெக்கார்ட் வலியைச் சாட்சிக்கு அழைத்தது இங்கேதான் பொருந்துகிறது. வீனர் குழுவினர் ஒரு நோக்கத்தை எப்படி விடாமல் பிடித்துக்கொள்வது என்பதை அருமையாக விளக்கினார்கள். அந்த நோக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களுடைய விளக்கம் தொடவில்லை.

இந்தப் பொறியைக் கட்ட நினைப்பவர்கள், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.