ஆயிரமாவது ஆள்

ஓம் சரவணபவ!



போன வாரம் ஒரு தம்பி தனியா மெசேஜ் அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம் படிக்கிறார். அவர் கேட்டதை அப்படியே தர்றேன்.

"அண்ணா, ஏஐ கோடு எழுதுது. பாட்டு எழுதுது. இறந்துபோன பாடகர் குரல்ல பாடுது. முருகன் படம் கேட்டா சில நொடியில வரைஞ்சு தருது. அப்ப மனுசன்னு தனியா என்ன இருக்கு? கோடிக்கணக்கான பேர்ல நான் ஒருத்தன். முருகனுக்கு என்னைத் தெரியுமா?"

முதல் கேள்விகள் எல்லாம் தொழில் பற்றியவை. அதே தொழில்லதான் நானும் இருக்கேன், அந்தப் பயம் எனக்குப் புரியுது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போறதா அறிவிச்சது. காரணம் ஏஐ இல்லைன்னு நிறுவனம் சொல்லுச்சு. ஆனா அன்னைக்கு இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பார்க்ல வேலை பார்க்கிற நம்ம பசங்க வாட்ஸ்அப்ல பேசிக்கிட்டது ஏஐ பத்தித்தான்.

ஆனா தம்பியோட உண்மையான கேள்வி கடைசி வரியில இருக்கு. "முருகனுக்கு என்னைத் தெரியுமா?" அதுக்குப் பதில் நம்ம திருப்பரங்குன்றத்துலயே இருக்கு.

*நக்கீரரும் பூதமும்*

தல வரலாறு சொல்ற கதை இது. நக்கீரர் திருப்பரங்குன்றத்துச் சரவணப் பொய்கைக் கரையில சிவபூஜை செஞ்சுக்கிட்டு இருந்தார். மரத்துல இருந்து ஒரு இலை விழுந்துச்சு. பாதி தண்ணியில, பாதி தரையில. தண்ணியில கிடந்த பாதி மீனா மாறுச்சு, தரையில கிடந்த பாதி பறவையா மாறுச்சு. ரெண்டும் ஒன்னையொன்னு இழுக்குது. இந்த அதிசயத்தைப் பார்த்ததுல நக்கீரரோட கவனம் பூஜையை விட்டு அங்க போயிருச்சு.

அவ்வளவுதான். காத்துக்கிட்டு இருந்த கற்கிமுகிங்கிற பூதம் அவரைத் தூக்கிட்டுப்போய் குகைக்குள்ள அடைச்சிருச்சு. பூஜையில தவறினவங்க ஆயிரம் பேரைச் சேர்த்துச் சாப்பிடணும்னு அதுக்கு ஒரு கணக்கு. ஏற்கனவே 999 பேர் உள்ள இருந்தாங்க. நக்கீரர் ஆயிரமாவது ஆள்.

குகைக்குள்ள இருந்து நக்கீரர் முருகனைப் பாடினார். அதுதான் திருமுருகாற்றுப்படை. 317 அடி. பத்துப்பாட்டுல முதல் பாட்டு, பதினோராம் திருமுறையிலயும் இருக்கு. முருகன் வந்தார். வேலால மலையைப் பிளந்து குகையில இருந்தவங்களை விடுவிச்சார்.

சின்ன வயசுல பாட்டி சொல்லிக் கேட்ட கதைதான். இன்னைக்கு ஏஐ காலத்துல இதைத் திரும்ப நினைச்சா நிறைய புரியுது.

*பூதத்தோட கணக்கு*

பூதத்துக்கு நக்கீரர் யாருன்னு தெரியாது. அவர் பெரும் புலவர்ங்கிறதும் அதுக்குத் தேவையில்ல. 999-க்கு அடுத்து ஒன்னு வேணும், கிடைச்சிருச்சு.

கம்ப்யூட்டரும் நம்மளை அப்படித்தான் பார்க்குது. அதைத் திட்டிப் பிரயோசனமில்ல, அதோட வேலையே அதுதான். ஒரு கேமரா உங்க முகத்தைப் பார்த்தா, கண்ணு, மூக்கு, தாடை அமைப்பை வச்சு மென்பொருள் அதை ஒரு எண் வரிசையா மாத்தும். இன்னொரு படத்தோட எண் வரிசையும் இதுவும் எவ்வளவு கிட்ட இருக்குன்னு பார்த்து "இவர்தான்"னு சொல்லும். 2021-ல தமிழ்நாடு காவல்துறைக்கே முக அடையாள மென்பொருள் வந்தாச்சு. காணாமப்போன குழந்தையைக் கண்டுபிடிக்க அது உதவும். யாருன்னே தெரியாத ஒருத்தரை, கூட்டத்துல அவருக்கே தெரியாம அடையாளம் காணவும் அதே மென்பொருள் உதவும்.

பூதம் நக்கீரரைப் பிடிச்ச வழியையும் கவனிங்க. பலத்தால அவரை மயக்கல. பாதி மீன், பாதி பறவைன்னு ஒரு வேடிக்கை காட்டுச்சு. கவனம் நகர்ந்துச்சு, ஆள் மாட்டினார். நம்ம கையில இருக்கிற போனும் அதே மாதிரிதான். கந்த சஷ்டி விரதத்துல உக்காந்து கண்ணை மூடுவோம், டிங்னு ஒரு சத்தம். ஒரு ரீல்ஸ், அடுத்து இன்னொன்னு. எதுல எத்தனை நொடி நின்னோம்ங்கிறது வரைக்கும் கணக்கு எடுக்கப்படுது. அந்தக் கணக்குதான் அடுத்த மீனையும் அடுத்த பறவையையும் தேர்ந்தெடுக்குது.

*குகன்*

முருகனுக்குக் குகன்னு ஒரு பேர் உண்டு. நெஞ்சுங்கிற குகைக்குள்ள இருக்கிறவன்னு பெரியவங்க பொருள் சொல்வாங்க. திருப்பரங்குன்றமே குடைவரைக் கோயில், மலையைக் குடைஞ்சு உள்ள சாமி இருக்கார். சுவாமிமலையில அப்பனுக்குப் பிரணவத்தைச் சொன்னப்பவும் முருகன் ஊரைக் கூட்டிச் சொல்லல, காதுல சொன்னார். சில விஷயம் காதோடதான் இருக்கணும்.

பிரைவசின்னு இன்னைக்கு நாம சொல்றதை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிறேன். ஒவ்வொருத்தர் நெஞ்சுக்குள்ளயும் ஒரு குகை இருக்கு. அதுக்குள்ள யாரை விடணும்னு முடிவு செய்ற உரிமை அவங்களோடது. 2017 ஆகஸ்ட் 24-ல, புட்டசாமி வழக்குல, உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகளும் ஒரே குரலா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. ஆனா சட்டம் வாசல் வரைக்கும்தான் காவல் நிக்கும். உள்ள இருந்து நாமளே கதவைத் திறந்துவிட்டா?

நம்ம வயசுல நிறைய பேர் இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஏஐ-கிட்ட மனசு விட்டுப் பேசுறாங்க. காதல் தோல்வி, வீட்டுக் கடன், அப்பாவோட உடம்பு, சொல்ல முடியாத பயம், எல்லாம். அது பொறுமையா கேக்குது, திட்டாது, ஊர்ல சொல்லாதுன்னு நினைக்கிறாங்க. 2025 ஜூலை கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? சாட்ஜிபிடியில சிலர் ஷேர் செஞ்ச உரையாடல்கள் கூகுள் தேடல்ல வர ஆரம்பிச்சது. தேடல்ல தெரியுற மாதிரி விடணுமான்னு கேட்ட ஒரு சின்னக் கட்டத்தை டிக் பண்ணினதோட விளைவு. ஓபன்ஏஐ அந்த வசதியையே எடுத்துருச்சு. ஆனா சன்னிதியில சொல்ற மாதிரி சொன்ன வார்த்தைகள் கொஞ்ச நாள் சந்தையில கிடந்துச்சு.

ஏஐ-கிட்ட பேசவே கூடாதுன்னு நான் சொல்லல. எனக்கு அது தினசரி வேலைக் கருவி. நீங்க டைப் பண்றது ஒரு நிறுவனத்தோட சர்வர்ல போய்ச் சேருதுங்கிறதை மட்டும் மறக்காதீங்க. அது காது கிடையாது. மனசு தாங்க முடியாம இருந்தா ஒரு நண்பனைக் கூப்பிடுங்க, ஒரு டாக்டரைப் பாருங்க, முருகன்கிட்ட அழுங்க. இந்த மூணுல எதுவும் உங்களைத் தரவா சேர்த்து வைக்கிறதுக்காகக் கேக்கல.

கோயிலுக்குள்ள போன் வேண்டாம்னு சொல்றதும் இதோட சேர்ந்ததுதான். 2018-ல மீனாட்சி அம்மன் கோயில்ல போனுக்குத் தடை வந்துச்சு. 2022-ல திருச்செந்தூர் கோயில் பற்றிய வழக்குல, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாத்துலயும் போனைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. "ஒரு செல்ஃபிகூட எடுக்க முடியலையே"ன்னு நிறைய பேருக்குக் கோபம். கொஞ்சம் மாத்தி யோசிங்க. நீங்க எங்க இருக்கீங்க, எதைப் பார்க்கிறீங்க, எத்தனை நிமிஷம் நிக்கிறீங்கன்னு உங்க போன் கணக்கு எடுக்காத நேரம் ஒரு நாள்ல எவ்வளவு? அந்த டோக்கனை வாங்கிட்டு உள்ள போற கொஞ்ச நேரம்தான். அங்க நீங்களும் அவனும் மட்டும்.

*குரல் யாரோடது?*

2024-ல "லால் சலாம்" படத்துல ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏஐ மூலம் பாட வச்சார். குடும்பங்கள்கிட்ட அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததா சொன்னார். அதே வருஷம் "கீடா கோலா"ங்கிற தெலுங்குப் படத்துல எஸ்.பி.பி. குரலை அனுமதி இல்லாம ஏஐ-ல பயன்படுத்தினதா, அவர் மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ரெண்டுலயும் தொழில்நுட்பம் ஒன்னுதான். ஒரு இடத்துல கதவைத் தட்டிக் கேட்டாங்க, இன்னொரு இடத்துல கேக்கலைங்கிறதுதான் புகார்.

1922-ல நம்ம மதுரையில பிறந்த டி.எம்.எஸ். குரலைக் கேக்காத முருக பக்தர் உண்டா? நாளைக்கு அவர் குரல்ல புதுசா நூறு பாட்டு ஏஐ பாடலாம். சுருதி தப்பாது, மூச்சு வாங்காது. ஆனா அவர் முருகான்னு கூப்பிட்டப்ப அவருக்குன்னு ஒரு வாழ்க்கை இருந்துச்சு, ஒரு கஷ்டம் இருந்துச்சு. இயந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் படிச்சு, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம்னு கணக்குப் போட்டுச் சொல்லுது. ஆறு படைவீட்டைப் பத்தி 317 வரி கேட்டா ஒரு நிமிஷத்துல கொடுத்துரும். ஆனா அது குகைக்குள்ள மாட்டிக்கல. அதைச் சாப்பிட எந்தப் பூதமும் வரப்போறதில்ல. வேண்டுறதுக்கு ஒரு குறை வேணும், ஒரு பயம் வேணும். அது நம்மகிட்ட இருக்கு.

திறமையில அது ஜெயிக்கட்டும். 1997-லயே டீப் ப்ளூ கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவை செஸ்ல தோற்கடிச்சிருச்சு. அதுக்கு 27 வருஷம் கழிச்சு, 2024 டிசம்பர்ல, நம்ம சென்னைப் பையன் குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனப்ப, "போன்ல இருக்கிற ஆப் இவரைவிட நல்லா ஆடுமே"ன்னு யாராவது சொன்னாங்களா? அவர் கண்ணுல தண்ணி வந்தப்ப நமக்கும் வந்துச்சு.

*நாவல் மரத்தடியில*

அறிவுதான் மனுசனோட தனிச்சிறப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, அந்தப் பெருமையை முருகன் பழமுதிர்சோலையிலயே உடைச்சிட்டார். எல்லாம் கற்ற ஔவைப்பாட்டிகிட்ட மாடு மேய்க்கிற பையனா வந்து, "சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா?"ன்னு கேட்டார். பாட்டிக்குக் கேள்வியே புரியல. மண்ணுல விழுந்த பழத்தை ஊதினப்ப, "பழம் ரொம்பச் சுடுதா பாட்டி?"ன்னு சிரிச்சார். ஔவை கோபப்படல. தனக்குத் தெரியாததும் இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, யாருப்பா நீன்னு கேட்டாங்க. அப்புறம்தான் தரிசனம் கிடைச்சது. நம்மைவிட அதிகம் தெரிஞ்ச ஒன்னு வந்துருச்சேன்னு பயப்படுற இந்தக் காலத்துல, அந்த மரத்தடியை நினைச்சுக்குங்க.

*தம்பிக்குப் பதில்*

இப்ப குகைக்கே திரும்ப வருவோம். தம்பி, பாடினது நக்கீரர் ஒருத்தர். ஆனா வெளிய வந்தவங்க எத்தனை பேர்? ஆயிரம் பேர்.

அந்த 999 பேருக்குப் பாட்டு எழுதத் தெரியுமான்னு கதை சொல்லல. அவங்க பேர்கூட நமக்குத் தெரியாது. திறமையை வச்சுத்தான் முருகன் ஆளை எடுப்பார்னா, நக்கீரரை மட்டும் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யல. பூதத்துக்கு அவங்க எண்ணிக்கை. முருகனுக்கு ஒவ்வொருத்தரும் வெளிய வர வேண்டிய ஆள்.

உன்னைவிட நல்லா கோடு எழுதுற ஒன்னு வந்ததால உன் மதிப்பு குறையாது. ஏன்னா, உன் மதிப்பு கோடு எழுதுறதுல இருந்து வரவே இல்ல. வேலைக்காக நல்லா படி, ஏஐ-யையும் கத்துக்க. ஆனா "நான் யாரு"ங்கிற கேள்விக்கு அதுகிட்டப் பதில் தேடாத. முருகனுக்கு உன்னைத் தெரியும். உன் பேரைச் சொல்லி யாரும் பாடாத போதும் தெரியும்.

*வர்ற கிருத்திகைக்கு நாலு காரியம்*

1. ஏஐ ஆப் செட்டிங்க்ஸ்ல உங்க பேச்சைப் பயிற்சிக்குப் பயன்படுத்துற ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க, இருந்தா அணைச்சிருங்க.

2. அடுத்தவங்க முகம், குரல், ஜாதகம், மருத்துவ ரிப்போர்ட் எதையும் அவங்களைக் கேக்காம அப்லோடு பண்ணாதீங்க. அவங்க குகைக்கு அவங்கதான் சொந்தக்காரங்க.

3. கிருத்திகை அன்னைக்குச் சாயங்காலம் அரை மணி நேரம் போனை வேற ரூம்ல வச்சிட்டு விளக்கேத்தி உக்காருங்க. முடிஞ்சவங்க பெரியார் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறிப் பரங்குன்றம் போயிட்டு வாங்க.

4. ஒரு வேண்டுதலைச் சொந்தமா எழுதுங்க. தப்புத் தமிழா இருந்தாலும் பரவாயில்ல, ரெண்டே வரி போதும். எங்கயும் போடாதீங்க. அவன் காதுல மட்டும் சொல்லுங்க.

இதைப் படிச்சதும், வேலை போயிருமோன்னு பயந்துக்கிட்டு இருக்கிற ஒரு நண்பர் ஞாபகம் வந்தா அவருக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு ஒரு போன் போட்டும் பேசுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
பரங்குன்றத்து வேலனுக்கு அரோகரா!