வாய்தா வாங்காதீர்கள்

முதலாளிகளே, மேலாளர்களே, கண்ணெதிரே நடப்பதைக் கண்டும் காணாததுபோல் இருக்கும் நம்மவர்களே, காலம் கடந்துகொண்டிருக்கிறது. கேளுங்கள்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எவலெத் ஊரை ஒட்டி ஓர் இரும்புத் தாதுச் சுரங்கம். 1975-இல் லோயிஸ் ஜென்சன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சுவரில் ஆபாசப் படங்கள், காது கூசும் பேச்சு, அத்துமீறும் கைகள். பெண்ணுக்குச் சுரங்கத்தில் என்ன வேலை என்ற ஆங்காரம்தான் அத்தனைக்கும் வேர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 1984-இல் மாநில மனித உரிமைத் துறையிடம் புகார் செய்தார். சில நாட்களில் அவருடைய கார் டயர்களைக் கிழித்தார்கள்.

1987-இல் அந்தத் துறை, அவருக்கு 11,000 டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னது. சுரங்க நிறுவனம் மறுத்தது. அன்றே தலை குனிந்திருக்கலாம், குனியவில்லை. 1988-இல் வழக்கு. 1991-இல் மற்றப் பெண்களுக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த அனுமதி. பாலியல் தொல்லை வழக்கில் அந்நாட்டில் அதுவே முதல் தடவை. 1993-இல் தவறு நிறுவனத்தின் மேல்தான் என்று தீர்ப்பு. அப்போதாவது இறங்கி வந்தார்களா? இழப்பீட்டைக் கணக்கிடுகிறோம் என்று அந்தப் பெண்களின் பழைய மருத்துவக் குறிப்புகளையும் அந்தரங்கத்தையும் கிளறினார்கள். தப்புச் செய்தது நிறுவனம். கூண்டில் ஏறி நின்றது பெண்கள்! ஜூரி முன்னால் போக வேண்டிய நிலை வந்த பிறகே, 1998 டிசம்பரில், 15 பெண்களுக்கு 35 லட்சம் டாலர் தரச் சம்மதித்தார்கள். வழக்கில் இருந்த ஒரு பெண் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

பணக் கணக்கைப் பெரிதாகச் சொல்ல நான் வரவில்லை. அது ஒன்றுதான் சிலருக்கு உறைக்கும் என்பதால் சொன்னேன். புகாருக்கும் தீர்வுக்கும் நடுவே 14 ஆண்டுகள். அதை எந்தக் காசோலையில் எழுதுவீர்கள்? வாய்தா வாங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் குற்றம். விசாரணையை இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுக் குற்றம். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கும் ஒவ்வொரு இரவும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது.

சமரசம் செய்யுங்கள், ஆனால் நேர்மையாகச் செய்யுங்கள். பணத்தோடு வாய்ப்பூட்டையும் சேர்த்து நீட்டாதீர்கள். தொல்லை தந்தவனை அதே நாற்காலியில் விட்டுவிட்டு, புகார் தந்தவளை வேறு ஊருக்கு மாற்றாதீர்கள். பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமே, அந்தப் பெண் கேட்டால்தான் சமரசம், அதுவும் பணத்தை வைத்துப் பேரம் கூடாது என்கிறது. விசாரணையை 90 நாளில் முடிக்கச் சொல்கிறது. புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டியதோடு கடமை முடிந்ததென்று இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

உடன் வேலை செய்கிறவர்களே, நீங்களும் தப்ப முடியாது. நீங்கள் பார்த்தீர்கள், கேட்டீர்கள், சிலர் சிரிக்கவும் செய்தீர்கள். புகார் தந்தவள் தனியாக விசாரணைக்குப் போகிறாள். நாளைக் காலை கூடப் போங்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். அதிகாரிகளே, அலமாரியில் கிடக்கும் அந்தப் புகாரை இன்று மாலைக்குள் எடுங்கள், கொடுத்தவளை அழைத்து உட்கார வைத்துக் கேளுங்கள்.